ஏழு பேர்ச் நிலத்தில் ஒரு நீலப் பூ

எமது வீட்டு முற்றத்தில் ஒரு ஹைட்ரேஞ்சியாச் செடி நிற்கின்றது. அதனைப் பற்றி எழுதப் புகுந்தால் நண்பர்கள் சிலர் முகஞ்சுளிப்பர் என்பதை நாம் அறிவோம். உழைப்பாளியின் அடுப்பிலே பூனை உறங்குகையில் பூச்செடியைப் பற்றி ஓர் ஆசிரியர் கட்டுரை எழுதுவதா என அவர்கள் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. நாமும் அதனைப் பலமுறை எம்மிடமே கேட்டிருக்கின்றோம். எனினும், அச்செடி வாடியதற்கும் பின்னர் தழைத்ததற்கும் உரிய காரணங்களைத் தேடிச் சென்றபோது, நாம் பிறந்து வளர்ந்த வாழ்க்கையைப் பற்றியே சில உண்மைகளை அறிய நேர்ந்தது. அவற்றைச் சொல்லாது விடுதல் தகாது என்றே இதனை எழுதுகின்றோம்.

நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேற்கணக்கிலே, பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்றில் நாம் பிறந்தோம். தந்தையார் கவ்வாத்துக்காரர், முப்பத்திரண்டு ஆண்டுகள் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். தாயார் கொழுந்து பறித்தவர். லயத்திலிருந்து பாடசாலைக்குச் செல்லும் பாதை துரை பங்களாவின் வேலியை ஒட்டிச் செல்லும். வேலிக்கு அப்பால், மனிதத் தலையளவு பருத்த பூங்கொத்துகள், மழைக்கால மாலை வானத்தின் நிறத்தில், வரிசை வரிசையாக நிற்கும். எமது லயத்தார் அதனைப் ‘பங்களாப் பூ’ என்றே அழைத்தனர். அப்பூவிற்கு வேறொரு பெயர் இருக்கலாம் என்றோ, அது பங்களா அல்லாத ஓரிடத்தில் மலரக்கூடும் என்றோ அந்நாளில் நாம் எண்ணியதில்லை.

லயத்தில் வாழ்ந்தோர் பூச்செடி வளர்க்கவில்லையா என்று கேட்கலாம். வளர்த்தனர். இஸ்தோப்பின் ஓரத்தில், பழைய மாப்பால் டின்களில், செவ்வந்தியும் பால்சமும் வளர்த்தனர். அவை ஒரு பருவத்தில் முளைத்து, மறு பருவத்தில் மடிவன. வேர்கொண்டு பல்லாண்டு நிற்கும் ஒன்றை எவரும் நட்டதில்லை. நிலம் தமதல்ல என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எமது பாட்டனாரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவருடைய தம்பியாரைக் குடும்பத்தோடு கப்பலேற்றிற்று. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கச் சட்டம் வந்தது 2003இல். நாளை எந்த நாட்டில் இருப்போம் என்பதை அறியாத மனிதர் பல்லாண்டுச் செடியை நடுவரோ?

2018ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே, வீடமைப்புத் திட்டம் ஒன்றின் கீழ் ஏழு பேர்ச் காணியில் அமைந்த தனிவீடு எமக்குக் கிடைத்தது. நூற்றறுபது பேர்ச் கொண்டது ஓர் ஏக்கர் என்பதை நினைவிற் கொண்டால் ஏழு பேர்ச்சின் அளவு விளங்கும். காணியின் உறுதி பின்னர் வரும் என்றனர். அது இன்னமும் எமது கைக்கு வரவில்லை. ஆயினும் நான்கு புறமும் சுற்றிவரக்கூடிய வீட்டில் எமது குடும்பம் குடியேறியது அதுவே முதற்றடவை. குடியேறிய இரண்டாம் வாரம் தாயார் மலையிலிருந்து வரும்போது, பங்களா வேலிக்கு வெளியே வெட்டி எறியப்பட்டிருந்த குவியலிலிருந்து, பச்சைத் தண்டு ஒன்றைக் கொழுந்துச் சாக்கினுள் வைத்துக் கொண்டுவந்தார். “பங்களாப் பூ. நம்ம வாசல்லயும் ஒன்னு நிக்கட்டுமே” என்றார். அவ்வளவுதான். அறுபதை அண்மித்த வயதில் அவர் முதன்முதலாக நட்ட பல்லாண்டுச் செடி அது.

தண்டு எளிதில் வேர்பிடித்தது. ஹைட்ரேஞ்சியாவின் இயல்பு அது. அதன் பின்னரே துன்பம் தொடங்கிற்று. 2019இல் இலைகள் மஞ்சளித்தன. நரம்புகள் மாத்திரம் பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளிறிப்போயிற்று. நண்பகலில் இலைகள் துவண்டு தொங்கும். மாலையில் ஓரளவு நிமிரும். பூ மாத்திரம் இல்லை. 2020இலும் இல்லை.

நாம் பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றவர். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிச் சொல்வதை ஆண்டுதோறும் மாணவருக்கு எடுத்துரைப்பவர். தொண்ணூற்றொன்பது பூக்களைப் பற்றி வகுப்பில் பேசும் ஆசிரியருக்குத் தமது வாசலில் நின்ற நூறாவது பூவிற்கு நேர்ந்த நோய் யாதெனத் தெரியவில்லை. இதனை வெட்கத்தோடுதான் ஒப்புக்கொள்கின்றோம்.

தெரியாத இடத்தில் நாம் சும்மா இருக்கவுமில்லை. எமது வீட்டில் மூவரும் தத்தமக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தோம். தாயார் அடுப்புச் சாம்பலைத் தவறாது அதன் அடியிற் கொட்டினார்; லயத்து மரக்கறிப் பாத்திக்கு அவர் காலமெல்லாம் செய்தது அதுவே. தந்தையார் ஆண்டுக்கொரு முறை கத்தியைத் தீட்டி, தேயிலைச் செடியின் மட்டத்திற்கு அதனைத் தட்டையாக வெட்டினார். நாமோ யூரியாவை வாங்கி இட்டோம். ஒவ்வொரு முறையும் செடி இலையாகவே துளிர்த்தது. துளிர்த்த இலை மீண்டும் மஞ்சளித்தது.

2021ஆம் ஆண்டிலே, பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தன. தொலைபேசியிற் பாடம் நடத்துமாறு பணித்தனர். எமது மலையிலோ அலைவரிசை எட்டாத லயங்களே பல. ஆதலால் அண்டை லயத்து மாணவர் நால்வர் எமது முற்றத்திற்கு வந்து இடைவெளி விட்டு அமர்ந்து படித்தனர். அந்நாளொன்றில், பங்களாத் தோட்டத்தில் நெடுங்காலம் வேலைசெய்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் ஊழியர் சேமலாப நிதிப் படிவத்தை நிரப்பித்தருமாறு கேட்டு வந்தார். மாமா என்றே அவரை அழைப்போம். படிவத்தை எம்மிடம் தந்துவிட்டு அவர் செடியின் அருகிற் குந்தினார். சற்று நேரம் எதுவும் பேசவில்லை.

“தம்பி, இத யாரு கவ்வாத்து வெட்டுனது?”

“அப்பாதான் மாமா.”

“மச்சான் கவ்வாத்துல கெட்டிக்காரரு. ஆனா இது தேயில இல்லயே. தேயிலய வெட்டுனா கொழுந்து வரும். அதுக்குத்தான் வெட்டுறோம். இதுக்குப் பூ போன வருசத்துக் கம்போட நுனியிலதான் இருக்கு. வருசா வருசம் நுனிய வெட்டிட்டு பூவக் காணோம்னா அது எங்க போகும்?”

இஸ்தோப்பில் அமர்ந்திருந்த தந்தையார் இதனைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிறிது நேரங் கழித்து, “முப்பத்திரண்டு வருசம் வெட்டுனேன். பூவுக்காக ஒரு தடவகூட வெட்டுனதில்ல” என்றார்.

இச்சொற்கள் எம்மைப் பலநாள் உறங்கவிடவில்லை. தேயிலை, இயல்பாக வளரவிட்டால், மரமாகி வெண்ணிறப் பூப் பூக்கும் தாவரம். தோட்டத்துக்குப் பூ வேண்டாம், இலை வேண்டும். ஆகையால் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மட்டமாக வெட்டி, இடைக்காலத்தில் இரண்டு இலையும் ஓர் அரும்புமாக இடையறாது கிள்ளி, அது மரமாவதையும் பூப்பதையும் தடுத்துவிடுகின்றனர். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்ட நாள்முதல் இம்மலைகளில் வளர்ந்த அறிவு இது. நைதரசன் மிகுந்த உரம் இலையைப் பெருக்கும். நாம் வாங்கி இட்டதும் அதுவே. எமது குடும்பத்தின் மூவரும் திறமையற்றவர் அல்லர். ஆனால் எமது திறமை முழுவதும் இலைக்கான திறமை. ஒன்றரை நூற்றாண்டாக எமக்குப் பூவைப் பற்றிய அறிவு தேவைப்படவில்லை. அன்றேல், தேவைப்படாதவாறு வைக்கப்பட்டிருந்தோம்.

மஞ்சள் இலையின் காரணத்தை எமது பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் கண்டுபிடித்தார். செடியின் அடி மண்ணையும் அருகே தேயிலை மலையின் மண்ணையும் தனித்தனியே நீரிற் கரைத்து, பி.எச். தாளினால் அளந்து பார்த்தார். மலை மண்ணின் பெறுமானம் ஐந்தளவில் நின்றது. முற்றத்து மண்ணோ ஏழரையைத் தொட்டது. நாம் வியந்து தோண்டிப் பார்த்தோம். வீடு கட்டியோர் எஞ்சிய சீமெந்துக் கலவையையும் உடைந்த கற்களையும் முற்றத்திலேயே புதைத்து மண்ணால் மூடியிருந்தனர். அதன்மீதே செடி நின்றது. அதன்மீதே சாம்பலும் விழுந்தது. சீமெந்தும் சாம்பலும் மண்ணைக் காரமாக்குவன. கார மண்ணில் இரும்பு இருந்தும் செடியின் வேருக்கு எட்டாது. நரம்பு பச்சையாயிருக்க இலை வெளிறுவது இதனாலேயே. ஆக, செடி பட்டினி கிடந்தது உணவு இன்மையால் அன்று. இருந்த உணவு கைக்கெட்டாமையால். இந்நிலை எமது வாசகருக்குப் புதியதன்று.

ஆவணி மாதத்து மழையில், மாமாவின் சொற்படி, செடியை இடம் மாற்றினோம். பிற்பகல் வெயிலும் காற்றும் தாக்கிய மேற்கு ஓரத்திலிருந்து, காலை வெயில் மாத்திரம் விழும் கிழக்கு ஓரத்திற்குக் கொண்டுசென்றோம். அகன்ற இலை வழியே நீரை விரைவில் இழக்கும் செடிக்குப் பிற்பகல் வெயில் ஆகாது. இரண்டடி அகலமும் ஒன்றரையடி ஆழமுமாகக் குழிதோண்டி, கற்களை முற்றாக அகற்றி, மலையோரத்து இலைமக்கு மண்ணால் நிரப்பினோம். வேரைச் சுற்றிய பழைய மண்ணில் ஒட்டியிருந்த கலவைத் துண்டுகளைக் கையாற் பொறுக்கியெடுத்தோம். மானாப்புல்லை வெட்டி, தண்டைத் தொடாதவாறு அடியிற் பரப்பினோம். மண் ஈரத்தைக் காத்து, உக்கியபின் உரமாவது அது. சாம்பலை நிறுத்தினோம். யூரியாவை நிறுத்தினோம், அவ்வாண்டு இரசாயன உர இறக்குமதித் தடையினால் அது கிடைக்கவுமில்லை. கத்தி தந்தையாரிடமே இருந்தது. காய்ந்த குச்சிகளை மாத்திரம் அடியோடு களைந்துவிட்டு, உயிருள்ள தண்டுகளின் நுனியில் அவர் கைவைக்கவில்லை.

இவ்வேலையில் எம்மோடு நின்றவன், முற்றத்தில் படித்த மாணவர் நால்வருள் ஒருவன். பதினாறு வயது. கற்களைப் பொறுக்கியவனும் மானாப்புல்லைச் சுமந்து வந்தவனும் அவனே. தமிழில் அவனுக்கிருந்த ஈடுபாடு எமக்கு நம்பிக்கை அளித்தது. குழியின் அருகே நின்று அவன் கேட்ட கேள்விகளுக்கு விடை தேடியே நாம் அப்பூவின் வரலாற்றை அறிந்தோம்.

அது யப்பானியப் பூ. அஜிசாய் என்பது அங்கே அதன் பெயர். ஹைட்ரேஞ்சியா என்பது கிரேக்கத்தில் நீர், கலம் என்னும் பொருள்தரும் இரு சொற்களின் சேர்க்கை. கலம் போன்ற அதன் விதைக்கூட்டை நோக்கி இட்ட பெயர். ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக 1775இல் நாகசாக்கிக்குச் சென்ற சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் துன்பேர்க், 1784இல் வெளியிட்ட தமது நூலில் இதனை விவரித்தார். யப்பானிலிருந்து திரும்பும் வழியில், 1777இல், அவர் இலங்கைக்கும் வந்து தங்கியிருக்கின்றார். கம்பனிகளின் கப்பல்கள் கறுவாவையும் மிளகையும் சுமந்த அதே பாதையில் பூக்களும் பயணம் செய்தன. இம்மலைகளில் வெள்ளைத் துரைமாரின் பங்களாக்களே அதற்கு வீடாயின.

2022ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், வெட்டப்படாத பழைய தண்டொன்றின் நுனியில் ஒரே ஒரு பூங்கொத்து விரிந்தது. இலைகள் கரும்பச்சையாகிவிட்டிருந்தன. தாயார் அயலவரை அழைத்துக் காட்டினார். எமது மாணவனோ ஏமாற்றத்தோடு, “சார், இது ரோசாக் கலராவுல இருக்கு? பங்களாவுல நீலம்ல?” என்றான்.

அதற்கும் காரணம் உண்டு. புளிப்புத் தன்மை கொண்ட மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்கு எட்டும். செடியினுள் ஏறி, பூவின் நிறப்பொருளோடு சேர்ந்து நீலமாகும். காரம் எஞ்சிய மண்ணில் அது கரைவதில்லை. பூ சிவப்புச் சாயலில் நின்றுவிடும். சிலர் படிகாரத்தைச் சிறிதளவு நீரிற் கரைத்து ஊற்றுவர். மிகுந்தால் வேர் கருகும். பொசுபரசு உரம் மிகுந்தாலும் அலுமினியம் ஏறாது. எமக்குப் படிகாரம் தேவைப்படவில்லை. புளிப்பான மலை மண் அருகிலேயே இருந்தது. தேயிலையும் அலுமினியத்தை விரும்பி ஏற்கும் செடி. தேயிலை தழைக்கும் மண்ணே நீலப் பூவிற்கும் ஏற்ற மண். ஆகவே, வேலிக்கு அப்பால் நாம் சிறுவயதில் வியந்து நோக்கிய அந்த நீலம் துரையின் செல்வம் அன்று. எமது தாயாரின் கால்கள் நாளெல்லாம் மிதித்து நின்ற அதே மண்ணின் செல்வம். வேலிக்கு இப்பால் எம்மிடம் இல்லாதிருந்தது மண்ணின் வளம் அன்று, மண்ணின் உரிமை.

இவற்றையெல்லாம் அவனுக்கு விளக்கினோம். “அப்ப அடுத்த வருசம் நீலம் வருமா சார்?” என்றான். பொறுத்தால் வரும் என்றோம்.

2021ஆம் ஆண்டிற்குரிய க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை பிந்தி, 2022 வைகாசியிலேயே நடைபெற்றது. நாடு பொருளாதார நெருக்கடியில் மூழ்கியிருந்த காலம் அது. 2021இல் ஆயிரம் ரூபாவாக்கப்பட்ட நாட்கூலி, கைக்கு வந்து ஓராண்டிற்குள் விலைவாசியிற் கரைந்துவிட்டது. பரீட்சை முடிந்த இரண்டாம் வாரம், அவனைக் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடைக்கு அனுப்பப்போகின்றனர் எனக் கேள்வியுற்றோம். அன்று மாலையே அவனுடைய லயத்திற்குச் சென்றோம். உயர்தரத்தில் தமிழ் கற்று அவன் பல்கலைக்கழகம் புகக்கூடும் என்றோம். செடியின் கதையையும் சொன்னோம்: நுனியை வெட்டாது பொறுத்திருந்தால் பழைய தண்டிலே பூ வரும் என்றோம். எமது உவமையில் எமக்கே ஒரு பெருமிதம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அவனுடைய தந்தையார் இறுதிவரை கேட்டார். பின்னர் அமைதியாகச் சொன்னார்:

“நீங்க சொல்றது சரிதான் சார். பொறுத்தா பூக்கும். ஆனா அந்தச் செடிக்கு நீங்க இருந்தீங்க, தண்ணி ஊத்துனீங்க. இவனுக்குக் கீழ இன்னும் மூனு பேரு. எங்க வீட்டுல யாரு யாருக்கு ஊத்துறது?”

எம்மிடம் விடை இல்லை. அவனுடைய படிப்புச் செலவில் ஒரு பங்கை ஏற்பதாகச் சொன்னோம். பங்கு போதாது என்பதை அவரும் அறிவார், நாமும் அறிவோம். தந்தை பிள்ளையின் எதிரி அல்லர். கொழுந்தாயிருக்கும்போதே கிள்ளிக் கொடுத்தாலன்றி வாழ இயலாத நிலையில் அவரை வைத்திருக்கும் அமைப்பே எதிரி. ஒரு செடியை நான்கு பேர் கூடி மீட்டுவிடலாம். ஒரு பிள்ளையை மீட்க ஓர் ஆசிரியரின் சொல்லும், அவருடைய அழகிய உவமையும் போதா. நல்ல கூலியும் நிலமும் அருகிலேயே உயர்தரப் பாடசாலையும் வேண்டும். அவை எவருடைய கொடையாகவும் வருவனவல்ல. சேர்ந்து நின்று பெறவேண்டியவை.

ஆண்டிறுதியிற் பெறுபேறு வெளியாயிற்று. தமிழில் அவன் ‘ஏ’ பெற்றிருந்தான். அப்போது அவன் கடையில் மூட்டை சுமந்துகொண்டிருந்தான்.

செடி தன் வேலையைச் செய்தது. 2023இல் ஏழு கொத்துகள், கத்தரிப்பூ நிறத்தில். பூத்து உலர்ந்த கொத்தைத் தந்தையார் அதன் கீழே பருத்து நிற்கும் முதற் சோடி அரும்புக்குச் சற்று மேலே, விரலளவு தண்டோடு மாத்திரம் நறுக்கினார். எழுபது வயதில் அவர் புதிதாகக் கற்றுக்கொண்ட கவ்வாத்து அது. 2024இல் இருபதுக்கும் மேற்பட்ட கொத்துகள். அனைத்தும் நீலம்.

அவ்வாண்டுத் தீபாவளிக்கு அவன் ஊர் வந்தான். உயர்ந்திருந்தான், குரல் தடித்திருந்தது. இடைக்காலத்தில் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் “நீலமாயிருச்சா சார்?” என்று கேட்பது அவன் வழக்கம். இப்போது செடியின் முன் நின்று எதுவும் பேசவில்லை. பின்னர், தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுத இயலுமா என மெல்லக் கேட்டான். இயலும் என்றோம். கடை இரவு ஒன்பது மணிக்கே மூடுகின்றது என்றான். பழைய நூல்கள் சிலவற்றையும் எமது குறிப்புகளையும் கட்டிக் கொடுத்தோம். அவன் எழுதுவானா, எழுதி முடிப்பானா என்பதை இன்று சொல்லுதற்கில்லை.

போகும்போது, தாயார் தண்டுகள் மூன்றை வெட்டி, ஈரச்சாக்கிற் சுற்றி அவன் கையிற் கொடுத்தார். பூவாத தண்டாகப் பார்த்து, கணுவிற்குக் கீழே வெட்டவேண்டும் என்பதை இப்போது அவரே பிறருக்குக் கற்பிக்கின்றார். அவனுடைய குடும்பம் இன்றும் லயத்திலேயே வாழ்கின்றது. நடுவதற்கு நிலமில்லை. எனவே, பழைய எண்ணெய் டின் ஒன்றின் அடியில் துளையிட்டு, மலை மண் நிரப்பி, இஸ்தோப்பின் கிழக்கு ஓரத்தில் நட்டிருக்கின்றனர். சென்ற கிழமை அவ்வழியே செல்கையிற் பார்த்தோம். மூன்றில் இரண்டு பிழைத்திருக்கின்றன. அவனுடைய தங்கை அடுப்புச் சாம்பலோடு வெளியே வந்தாள். டின்னின் அருகே ஒரு கணம் நின்றாள். பின்னர் விலகிச் சென்று, அதனை மரக்கறிப் பாத்தியிற் கொட்டினாள்.

அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பில் எம்மிடம் படிக்கின்றாள்.